ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மனத்தாங்கல்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது என் மாமியார் பக்கத்தில் யாரையும் அண்ட விடமாட்டார். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். கொதிக்கும் பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விடுவார். அது கரையாமல் திரண்டு, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். கொஞ்சம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். கொஞ்சம் பிந்தினால் பல்லைப் பதம் பார்க்கும். தீபாவளி அமாவாசைக்குக் கேதாரகௌரி நோன்பு எடுக்கிற குடும்பம் எங்களுடையது. இருபத்தோரு அதிரசம், விரிசல் இல்லாமல், முழுதாக வேண்டும். பாகு முறிந்துபோன வருடங்களில் அவர் வெல்லத்தைத் திட்டியதே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி, "வீட்ல யாரு தூரம்?" என்றுதான் கேட்பார்.

வீட்டில் அப்போது பெண்கள் மூன்று பேர். அவர், நான், என் நாத்தனார். அவருக்கு எல்லாம் நின்று வருடமாகிவிட்டதால் சந்தேகம் எப்போதும் எங்கள் இருவர் மேல்தான். மளிகைக் கடைக்காரர் மேல் ஒரு தீபாவளிக்கும் விழுந்ததில்லை.

1988இல் கல்யாணமாகி நான் ஈக்காட்டுத்தாங்கலுக்கு வந்தேன். இந்தப் பக்கம் கிண்டி, அந்தப் பக்கம் பாலத்தைத் தாண்டினால் காசி தியேட்டர், நடுவில் அடையாறு. தாங்கல் என்றால் சின்ன ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படிப் பெயர் வாங்கியவைதான். எங்கள் தாங்கலை நான் கண்ணால் பார்த்ததில்லை. "எங்க அத்தை, இருந்தது?" என்று வந்த புதிதில் மாமியாரைக் கேட்டேன். "நான் வந்தப்பவே வீடுதான்" என்றார். தண்ணீர் போய்விட்டது, பேர் நிற்கிறது. இதே சொல்லை நாம் மனசோடும் சேர்த்து வைத்திருக்கிறோமே, மனத்தாங்கல் என்று. சண்டை போடும் அளவுக்குப் பெரியதில்லை. சொன்னால் அற்பமாகத் தெரியும். சொல்லாவிட்டால் உள்ளேயே தேங்கிக் கிடக்கும். பண்டிகைகளைப் பற்றி எனக்கு இருப்பது அந்த வகைதான். கோபம் என்று சொல்ல மாட்டேன். பண்டிகை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் தாங்கல்.

பன்னிரண்டில் ஒரு பங்கு

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருபத்தொன்பது வருடம் கணக்கு எழுதினேன். 1958இல் காமராஜர் காலத்தில் தொடங்கிய பேட்டை அது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இன்று அந்தப் பக்கம் போனால் கண்ணாடிக் கட்டடங்களும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகளும்தான் கண்ணில் படுகிறார்கள். எங்கள் நாளில் இரும்புத்தூள் வாசனை தெருமுனையிலேயே வரவேற்கும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது போனஸ் கணக்கு ஆரம்பிக்கும். 1965ஆம் வருடத்துச் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்த 8.33 என்ன விநோதமான எண் என்று புதிதில் நினைத்திருக்கிறேன். வேறொன்றுமில்லை, நூறைப் பன்னிரண்டால் வகுத்தது. வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். லாபமே இல்லாத வருடத்திலும் முதலாளி அதைக் கொடுத்தாக வேண்டும். பட்டறையில் எத்தனை பேருக்கு எத்தனை ரூபாய் என்று நான்தான் போடுவேன். என்னுடையதையும் நானே போட்டுக்கொள்வேன். பிறகு வீட்டுக்கு வந்து, ஊறவைத்த அரிசியைத் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் உலர்த்துவேன். அந்த இரண்டாவது வேலைக்கு எதில் 8.33 என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. புடவை வந்தது. நல்ல புடவைதான்.

ஒன்றிய அரசு 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். செய்கிற ஆண், 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289. அட, பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று அடுத்த எண்ணைப் பார்த்தால் ஆணுக்கு 88. அவர்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். கணக்குப் பிள்ளையாக இருந்தவளுக்கு இதில் உள்ள வேடிக்கை உடனே பிடிபட்டுவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இது சராசரி நாளின் கணக்கு. தீபாவளிக்கு முந்தின நாளுக்கு யாராவது எடுத்தால் தேவலை. அன்றைய தினம் எனக்கு நினைவிருப்பதெல்லாம் சத்தமாகத்தான் இருக்கிறது. முறுக்கு அச்சு, ரேடியோ, எண்ணெய். மறுநாள் காலை டிவியில் சாலமன் பாப்பையா பட்டிமன்றம். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்கிற ரீதியில் தலைப்பு இருக்கும். கூடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அத்தனை வருடத்தில் ஒரு பட்டிமன்றத்தையும் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன், சமையலறையிலிருந்து. தீர்ப்பு பெரும்பாலும் மனைவிக்குச் சாதகமாகத்தான் வரும். அது வரும்போது வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருப்பேன்.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சேர்ந்த சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு, வீட்டு வேலையும் சொத்து சேர்த்ததில் ஒரு பங்களிப்புதான் என்றது தீர்ப்பு. அதே வருடம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். தொகை போதுமா போதாதா என்பது வேறு பேச்சு. 'உதவி' என்று போடாமல் 'உரிமை' என்று போட்டதை நான் கவனித்தேன். பேரேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பது எங்கள் தொழிலில் பெரிய விஷயம்.

பேப்பரில் சுற்றிய மாத்திரை

மாமியார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தூரம். எவ்வளவு பொருத்தமான சொல். மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே ஒருத்தியைத் தள்ளி வைக்கிற அளவுகோல்.

பண்டிகைக்கு முந்தின வாரம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு தனி வியாபாரம் நடக்கும். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, பிறகு மெல்லிய குரலில் கேட்டு, பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு போகிற மாத்திரை. நாளைத் தள்ளிப் போடுவதற்கு. நோரெதிஸ்டிரோன் என்று பேர். வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னால் ஆரம்பித்து, நாளைக்கு மூன்று வேளை போட வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ரத்தம் உறைகிற தொந்தரவு உள்ளவர்கள் தொடவே கூடாது. டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், கேட்டவர்கள் எத்தனை பேர்? நான் கேட்டதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு தடவை, நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரு தடவை, திருப்பதி போக ஒரு தடவை, நோன்புக்கு எண்ணிக்கையில்லாமல். தலை சுற்றும், மார்பு கனக்கும், எரிச்சலாக வரும். அந்த எரிச்சலோடு சிரித்த முகமாக இருபத்தோரு அதிரசம் சுட வேண்டும். பாகு முறிந்தால் கேள்வி வேறு.

இதை உடைத்தது என் மகள். 2005ஆம் வருடம், சரஸ்வதி பூஜை. அவளுக்குப் பதினாலு வயது. மறுவாரம் கணக்குப் பரீட்சை. புத்தகத்தை எடுத்து வைக்கப் போனவளை அத்தை தடுத்தார். "நீ தொடாதே. தம்பியை வெச்சுத் தரச் சொல்லு." அவள் நின்றாள். "ஆயா, என் புக்கு. மூணு நாளா நான்தான் அதைத் தொட்டுப் படிச்சிட்டிருக்கேன். பரிட்சையும் அவனே எழுதுவானா?"

வீடு அமைதியாகிவிட்டது. என் கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் அடி வாங்கப்போகிறவள் போல அத்தையைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "சரி, வெச்சுத் தொலை. ஆனா என் கண்ணு முன்னாடி வெக்காதே" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். பெரிய புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடமும் இதே நடந்தது, அதே வசனத்தோடு. மூன்றாவது வருடம் அவர் பின்பக்கம் போகவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் பழக்கங்கள் மாறியதெல்லாம் இந்த வேகத்தில்தான்.

ஆறு வீட்டுக்குள் வந்த வாரம்

2015 ஜூன் 29ஆம் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. எங்கள் பேட்டைக்கே ஒரு ஸ்டேஷன். முதல் ரயிலை ஓட்டியது ஒரு பெண் என்று டிவியில் காட்டினார்கள். அத்தையை நூறடி சாலைக்குக் கூட்டிப்போய்த் தலைக்கு மேல் ரயில் போவதைக் காட்டினேன். கைகூப்பினார். "எதுக்கு அத்தை, ரயிலுக்கா?" என்றேன். "பொம்பளைப் புள்ளை ஓட்டுதாமே" என்றார்.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 1 ராத்திரி, அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பின்னால் செய்தித்தாளில் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது வாசல்படி, பிறகு கட்டில் கால், பிறகு சுவிட்ச் பெட்டி. மாடி வீட்டில் நான்கு குடும்பங்கள். கார்த்திகை தீபம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த அகல்விளக்குகளைத்தான் மறுபடி ஏற்றினோம்.

தண்ணீர் வடிந்து கீழே வந்தபோது கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. கொலு பொம்மைகள். காகிதக்கூழ் பொம்மைகள் இருந்த இடத்தில் பழுப்பாகக் கஞ்சி மாதிரி ஏதோ இருந்தது. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய தசாவதாரம் செட்டு, வருடத்துக்கு ஒன்றாக மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதையில் பேரம் பேசிச் சேர்த்தவை, மண் பொம்மையெல்லாம் வர்ணம் போய் முகமில்லாமல். என் அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடி மட்டும் மிதந்து போய் ஜன்னல் கம்பியில் சிக்கியிருந்தது. மரம் அல்லவா.

பொம்மைக்கு நான் அழவில்லை. நோட்டுக்கு அழுதேன். பட்டறையிலிருந்து கொண்டுவந்த நெட்டை நோட்டு அது, பண்டிகைக் கணக்கு. எந்தப் பண்டிகைக்கு எவ்வளவு அரிசி, எந்தச் செட்டியார் கடையில் வெல்லம், யார் யாருக்கு என்ன வைத்துக் கொடுத்தோம், யார் வீட்டுச் சீர் வந்தது, நாம் திருப்பிச் செய்தது எவ்வளவு. இருபத்தேழு வருடம். மை கரைந்து நீலப் பக்கங்களாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்குள் மறுபடி எழுதிவிடலாம் என்று சொன்னவர் அத்தைதான். பள்ளிக்கூடம் போகாதவர். பேர் மட்டும் எழுதத் தெரியும். ஆனால் எல்லாம் தலையில் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், நான்கு ராத்திரி. ஆடிக்கூழுக்குக் கேழ்வரகு இத்தனை படி. கிருஷ்ண ஜெயந்திச் சீடை வெடிக்காமலிருக்க மாவை எப்படிச் சலிக்க வேண்டும். நவராத்திரிக்கு முதல் நாள் எந்தச் சுண்டல், வெள்ளிக்கிழமை எது. "சுமங்கலிக்கு ரவிக்கைத் துணி இருபத்திரெண்டு. எழுதிக்கோ. கன்னிப்பெண்ணுக்கு வளையல் அஞ்சு ஜோடி." எழுதிக்கொண்டேன். அந்த இருபத்திரண்டில் அவர் இல்லை என்பது என் பேனாவுக்கு உறைக்கவில்லை.

அடையாறு எங்களைப் பார்க்க வந்தது அந்த ஒருமுறைதான். மற்ற நாளில் அது சாக்கடை. ஆடிப்பெருக்குக்குக் குடத்தில் தண்ணீர் பிடித்து மஞ்சள் சரடு சுற்றிக் கும்பிடுவோம். 2019 கோடையில் செம்பரம்பாக்கமே வறண்டது. அந்த ஆகஸ்ட் 3, பதினெட்டாம் பெருக்கன்று, நான் மஞ்சள் சரடு சுற்றியது லாரித் தண்ணீர் பிடித்த பச்சைப் பிளாஸ்டிக் குடத்துக்கு. வரிசையில் நின்று பிடித்த தண்ணீர். கும்பிடத் தகுந்ததுதான் என்று தோன்றியது.

மணி அடிக்கும் நேரம்

மாமனார் 1994இல் தவறினார். அதற்குப் பிறகும் பாகு காய்ச்சியது அத்தைதான். நோன்புக்கு இருபத்தோரு அதிரசமும் அவர் கையால்தான். இலை போட்டு, வெற்றிலை அடுக்கி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் மணியை எடுக்கும் நேரத்தில் பின்பக்கம் பாத்திரம் கழுவப் போய்விடுவார். கற்பூரம் காட்டி முடிந்ததும் வருவார். இப்படி இருபத்துநான்கு தீபாவளி, இருபத்துநான்கு நவராத்திரி. அவர் போகட்டும் என்று நான் நினைத்ததில்லை. போக வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. ஒரு தடவைகூட.

எங்கள் அலமாரியில் 'சமைத்துப் பார்' இருந்தது, கல்யாணத்துக்கு ஒரு சிநேகிதி கொடுத்தது. 1951இல் முதல் பாகம் வந்தது. எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தலைமுறை தலைமுறையாகப் புதுப்பெண்களின் பெட்டியில் வைத்து அனுப்பிய புத்தகம், அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போன புத்தகம். எத்தனை சுமங்கலிகளின் பண்டிகைச் சமையல் அவர் சொன்ன அளவில் வெந்திருக்கும்! ஒரு தமிழ் வீட்டுப் பண்டிகையில் கைப்பக்குவத்துக்குத் தீட்டில்லை, ஆளுக்குத்தான்.

மயிலாப்பூருக்குப் பொம்மை வாங்கப் போனால், வேலை முடிந்ததும் கடற்கரைச் சாலைக்கு ஒரு நடை போய்விட்டு வருவேன். விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, பழைய ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டியது. விவேகானந்தர் 1897இல் தங்கினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். 1917இல் அரசு அதை வாங்கிய பிறகு அங்கே இளம் விதவைகள் தங்கிப் படித்தார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். நடத்தியவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்து, பதினோரு வயதில் கல்யாணமாகி, உடனேயே விதவையானவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. அவர் சேர்த்த பிள்ளைகள் பலர் டீச்சரானார்கள். அவர் விடுதியில் ஆசாரங்களையெல்லாம் கறாராகக் கடைப்பிடித்தார் என்று படித்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தேன். அதை விட்டிருந்தால் எந்தத் தகப்பன் பெண்ணை அனுப்பியிருப்பான்? என் கண்ணு முன்னாடி வெக்காதே என்று சொன்ன கிழவியோடு குடித்தனம் பண்ணியவளுக்கு அந்தச் சாமர்த்தியம் புரிகிறது. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று அவர் காலமானார்.

அத்தை 2018இல் போனார், பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். 2021 மே மாதம், ஆக்ஸிஜன் படுக்கைக்குச் சென்னை முழுவதும் அலைந்த நாட்களில், என் கணவர் போனார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. 2022 நவராத்திரிக்கு, "அம்மா, கொலு வைக்கிறோம்" என்று மகள் சோழிங்கநல்லூரிலிருந்து வந்து படி கட்டினாள். நான்தான் பொம்மைகளைத் துடைத்தேன், நான்தான் சுண்டல் தாளித்தேன். தெருவில் வழக்கமாகக் குங்குமச் சிமிழோடு வந்து கூப்பிடுகிற இரண்டு வீட்டுக்காரர்கள் அந்த வருடம் வரவில்லை. மூன்றாவது வீட்டம்மா வாசலிலேயே நின்று, "பொண்ணை அனுப்புங்க" என்றார். தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை, பாவம். குரலில் அத்தனை ஜாக்கிரதை.

சாயந்திரம் ஏழு மணி இருக்கும். கூடம் நிறையப் பெண்கள். பேத்தி பாடி முடித்தாள். மகள் ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்தாள். குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு மணிச் சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். பின்பக்கம், குழாயடி, கையில் நார். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சுண்டல் குக்கரை உடனே தேய்த்தாக வேண்டிய அவசரமும் இல்லை. என் கால்தான் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இருபத்துநான்கு நவராத்திரி அந்த இடத்தில் ஒருவர் நின்று பார்த்த பழக்கத்தில்.

குழாயை மூடாமலேயே கொஞ்ச நேரம் நின்றேன். சென்னையில் தண்ணீரை அப்படி விடுகிறவள் இல்லை நான்.

அடுத்த வருடம் ஆடியில் ஒரு செய்தி. ஈரோடு மாவட்டம் நம்பியூர் பக்கம், கோயில் பூசாரியாக இருந்தவரின் மனைவி, கணவர் இறந்துவிட்டதால் ஆடித் திருவிழாவுக்கு உள்ளே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டிருக்கிறார். உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், விதவை என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை, போலீஸ் பாதுகாப்புக் கொடுங்கள் என்று 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டார். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் பக்கம் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதம் அந்த ஊர்ப் பஞ்சாயத்து, கணவன் இறந்தால் வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பதெல்லாம் இனி கிடையாது என்று தீர்மானம் போட்டது. அந்த இரண்டு செய்திகளையும் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருக்கிறேன், மளிகைக் கணக்குக்கு நடுவில். ஆனால் எங்கள் வீட்டில் தடுக்க யாருமில்லையே, எந்தக் கோர்ட்டுக்குப் போவது? போலீஸ் பாதுகாப்போடு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வர முடியுமா?

2023 கொலுவில் ஆரத்தித் தட்டை நான் எடுத்தேன். அவ்வளவுதான். ஓரகத்தி ஒருத்தி போனில், "ஊர் என்ன சொல்லும் அக்கா?" என்றாள். "ஊருக்கு இப்ப பார்க்கிங் பிரச்சினைதான் பெரிசு" என்றேன். உண்மையில் என் கை நடுங்கியது. கற்பூரம் ஒரு தடவை அணைந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் மறுபடி ஏற்றிக் கொடுத்தாள்.

மகளும் மருமகனும் தீபாவளிக்கு அதிரசம் சுடுகிறார்கள். சுடுவது மருமகன். தராசில் கிராம் கணக்காக நிறுத்து, பாகுக்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு. முதல் வருடம் மொத்தமும் எண்ணெயில் பிரிந்தது. வீடியோ காலில் காட்டினான். "வீட்ல யாரு தூரம்?" என்று கேட்டேன். மகள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "நான்தான்!" என்று கையைத் தூக்கினாள். வெல்லத்தை மாற்றச் சொன்னேன். இரண்டாவது தடவை வந்தது.

போன நவராத்திரி வெள்ளிக்கிழமை, பின்தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண் ரவிக்கை கொண்டுவந்து கேட்டிலேயே நின்றாள். நாற்பது வயதுகூட இருக்காது. கணவர் இறந்து மூன்று வருடம். கொலு சமயத்தில் எந்த வீட்டிலும் கேட்டைத் தாண்டமாட்டாள், தைத்ததைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். "உள்ள வாம்மா, கொலு பாரு" என்றேன். "பரவாயில்லக்கா, கூட்டமா இருக்கு" என்றாள். "கூட்டத்துக்குத்தான் கொலு." வந்தாள். ஓரமாக நின்று மரப்பாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குப் பட்டுப் பாவாடை தைத்தது அவள்தான். போகும்போது வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தேன். ரவிக்கைத் துணியைப் பார்த்துச் சிரித்தாள், "எனக்கேவா!" என்று. குங்குமச் சிமிழையும் விபூதித் தட்டையும் சேர்த்து நீட்டினேன். விபூதியை எடுத்துக்கொண்டாள். அது அவள் இஷ்டம்.

ராத்திரி எல்லோரும் போனபிறகு நோட்டை எடுத்தேன். அத்தை சொல்லி நான் எழுதிய பக்கத்தில் 'சுமங்கலி 22, கன்னி 5' என்று இருக்கிறது. அதை அடிக்கவில்லை, அவர் சொன்னது அவர் சொன்னபடியே இருக்கட்டும். புதுப் பக்கத்தில் கோடு போட்டு 'வந்தவங்க' என்று தலைப்பு எழுதினேன். எண்ணிப் பார்த்தால் முப்பத்தாறு. என்னையும் சேர்த்து முப்பத்தேழு. ரவிக்கைத் துணி மூன்று குறைந்து, என் பீரோவிலிருந்து எடுத்தது. கடைசியாக வந்த நான்கு பேருக்குச் சுண்டல் இல்லை, பழம் மட்டும். பக்கத்தில் எழுதி வைத்தேன்: அடுத்த தடவை கொண்டைக்கடலை அரைக் கிலோ கூட ஊறவைக்கணும்.